வயதானதால் வலியா... வலியால் வயதாகிறதா?

அஞ்சுகிராமத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பினால், பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து ஏற்றிவிடுவது அத்தையின் வழக்கம். கையில் ஒரு பை இருக்கும். அதில் முருங்கைக்காயோ, வாழைக்காயோ ஏதாவது கட்டாயம் இருக்கும். பஸ் கிளம்பிய பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நிற்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு போனபோது, அத்தை வாசல் நடையிலேயே நின்றுவிட்டார். "முட்டு சம்மதிக்க மாட்டேங்கு மக்களே, நீயே போயிரு" என்றார். அப்போது அவருக்கு வயது 61. "டாக்டரைப் பார்த்தீங்களா அத்தை?" என்று கேட்டதற்கு, "வயசாச்சுல்லா... வயசானா வலிக்கத்தானே செய்யும்" என்று முடித்துவிட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது ஒரு விஷயம் உறுத்தியது. அத்தையைவிட நாலு வயது மூத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா தினமும் கடைக்கு நடந்தே போய் வருகிறார். அத்தையோ கடந்த சில வருடங்களில் பத்து வயது கூடியவர்போல் ஆகிவிட்டார். வயதானதால் வலி வந்ததா, வலி வந்ததால் வயது கூடியதா?

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள்.

செல்லுக்கும் ஒரு வயது உண்டு

ஆதார் அட்டையில் இருப்பது ஒரு வயது. நம் உடலின் செல்கள் சொல்வது இன்னொரு வயது. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித செல்கள் ஏறத்தாழ 40 முதல் 60 முறை வரை பிரிந்து பெருகும், பிறகு நின்றுவிடும் என்று 1961-ல் கண்டறிந்தார் லெனார்டு ஹேஃப்ளிக். ஏன் நிற்கின்றன என்பதற்கான விடைகளில் முக்கியமானது 'டெலோமியர்'.

தோவாளைப் பூச்சந்தையில் சரம் கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சரத்தின் நுனியில் ஒரு முடிச்சும் கொஞ்சம் நாரும் விட்டிருப்பார்கள். அது இருக்கும்வரை பூக்கள் உதிராது. நம் மரபணுச் சரத்தின் இரு நுனிகளிலும் அப்படியொரு பாதுகாப்பு இருக்கிறது. அதுதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் குறையும். மிகவும் குறைந்துபோனால் செல் பிரிவதை நிறுத்திவிடும். 'டெலோமரேஸ்' என்ற நொதி இந்த நுனியை ஓரளவு திரும்ப நீட்டித் தரும்.

இதைக் கண்டறிந்த எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

வலி எங்கே நுழைகிறது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை 'நாள்பட்ட வலி' என்கிறது மருத்துவம். முட்டுவலி, இடுப்புவலி, கழுத்துவலி, முடக்குவாதம் எல்லாம் இதில் வரும். இடுப்புவலி மட்டுமே 2020-ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேரைப் பாடாய்ப்படுத்தியது.

முதலில் மனச்சுமையைப் பார்ப்போம். 2004-ல் அமெரிக்காவில் 58 தாய்மார்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பலர் நீண்ட நாள் நோயுள்ள குழந்தையைப் பராமரிப்பவர்கள். மிக அதிக மன அழுத்தத்தை உணர்ந்த தாய்மார்களின் டெலோமியர்கள், குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடக் குட்டையாக இருந்தன. அந்த வித்தியாசம் குறைந்தது பத்து வருட முதுமைக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

2012-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் நேரடியாக வலியைத் தொட்டன. ஒன்று முட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடமும், மற்றொன்று உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்களிடமும் நடந்தது. வலியும் மன அழுத்தமும் சேர்ந்து இருந்தவர்களுக்கும், வலியும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்தவர்களுக்கும் டெலோமியர் குட்டையாக இருப்பது தெரிந்தது. இவை சிறிய ஆய்வுகள்தான். பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் இதையே சொல்லவும் இல்லை. ஆனால், எந்த வழியாக இது நடக்கலாம் என்பது ஓரளவு புரிகிறது.

வலி வந்தால் நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை மெலிகிறது, எடை கூடுகிறது. இரவுத் தூக்கம் கெடுகிறது. கல்யாணம், காட்சி, கோயில், சர்ச் என்று போவது நிற்கிறது. 'கார்டிசால்' போன்ற அழுத்த ஹார்மோன்கள் கூடுகின்றன. உடலுக்குள் அழற்சி, கனன்றுகொண்டே இருக்கும் அடுப்புபோல் அணையாமல் இருக்கிறது. இந்த அழற்சிதான் செல்களைச் சீக்கிரம் முதுமையாக்குகிறது. அழற்சி கூடினால் வலியும் கூடும்.

அதாவது, வலி தனியாக வருவதில்லை. நம்மிடமிருந்து நடை, தூக்கம், உணவு, உறவு என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்கிறது. பறித்ததைத் திரும்ப வாங்கினால் செல்களின் வயது மாறுமா?

டெல்லியில் நடந்த சோதனை

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முடக்குவாதம் உள்ள 72 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்து. இன்னொரு பிரிவினருக்கு அதே மருந்தோடு யோகா, மூச்சுப் பயிற்சி, தியானம். வாரத்தில் ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம், எட்டு வாரங்கள். யோகா செய்த பிரிவில் நோயின் தீவிரமும் மனச்சோர்வும் குறைந்தன. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகள் இறங்கின. செல் முதுமையோடு தொடர்புடைய சில குறியீடுகளும் நல்ல திசையில் நகர்ந்தன.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட வேண்டும். அவர்கள் யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. முடக்குவாதத்துக்கு மருந்தை விட்டுவிட்டு யோகா மட்டும் செய்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போகலாம்.

அதே எய்ம்ஸ் குழு 2017-ல் ஆரோக்கியமானவர்களிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், டெலோமரேஸ் நொதியின் செயல்பாடு கூடியது. ஆனால், டெலோமியரின் நீளத்தில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. சுவிட்சர்லாந்தில் 70 வயது தாண்டிய 777 பேரிடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. மூன்று வருடம் தினமும் ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு, உயிரியல் வயது மூன்று நான்கு மாதங்கள் மெதுவாக நகர்ந்திருந்தது. மூன்று வருடத்துக்கு மூன்று மாதம்தானா என்று தோன்றலாம். ஆனால், உண்மையான அறிவியல் இப்படித்தான் சின்னச் சின்னதாகப் பேசும்.

எனவே, 'உங்கள் டெலோமியரை நீட்டித் தருகிறோம்' என்று யாராவது மாத்திரை விற்றாலோ, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு 'செல் வயது' பரிசோதனை செய்கிறோம் என்றாலோ நகர்ந்துவிடுங்கள். வெங்கி ராமகிருஷ்ணனும் 2024-ல் வெளியான தன் புத்தகத்தில், முதுமையை விரட்டுவதாகச் சொல்லும் வியாபாரத்தை எச்சரிக்கையோடுதான் பார்க்கச் சொல்கிறார்.

என்ன செய்யலாம்?

நடை: இடுப்புவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது. வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு சராசரியாக 208 நாள்கள் ஆயின. செய்யாதவர்களுக்கு 112 நாள்கள்.

அளவு: வலி குறைந்த நாளில் ஒட்டடை அடித்து, போர்வை துவைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். அதைவிட, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே அளவு செய்வது நல்லது. பயிற்சிக்குப் பிறகு கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. வரவில்லையென்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

தசை: நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பதே முட்டுவலிக்கு நல்ல பயிற்சி. தொடைத் தசை பலப்பட்டால் முட்டுக்குப் பாரம் குறையும். மயிலாடியில் கல் கொத்துபவர்கள், தையல் மெஷினில் இருப்பவர்கள், பூக்கட்டுபவர்கள்போல மணிக்கணக்கில் குனிந்திருப்பவர்கள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு வைக்கலாம்.

எடை: உடல் பருமனோடு முட்டுத் தேய்மானமும் உள்ளவர்கள் ஒரு கிலோ எடை குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டிலும் முட்டின் மீதான சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது.

உணவு: ஒமேகா-3-க்காக வெளிநாட்டு டப்பா தேட வேண்டாம். நம் கடற்கரையில் கிடைக்கும் சாளை மீனில் அது நிறைய இருக்கிறது. பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது. மீன் சாப்பிடாதவர்களுக்கு கீரை, பயறு, நிலக்கடலை, பழங்கள் கொண்ட சமச்சீர் உணவு. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

தூக்கம்: ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுவது. மதியத் தூக்கத்தை அரைமணிக்குள் முடிப்பது. படுக்கையில் போனை ஒதுக்குவது.

மாத்திரை: மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. இடுப்பு பெல்ட்டும் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

வலியோடு காலில் பலம் குறைவது, சிறுநீர் அல்லது மலம் அறியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி... இவை இருந்தால் பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக்கே வந்த உதவி

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். "வலிக்கும்போ நடந்தா கூடத்தானே செய்யும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நாங்கள் சொன்னால் கேட்கவில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டி, வேறு பிரச்னை இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தோம். அதில் பிசியோதெரபியும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், நாற்காலிப் பயிற்சியையும் முற்றத்தில் ஐந்து நிமிட நடையையும் சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒரு நிமிடம் கூட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் கூட நடக்க ஆரம்பித்தார். பேச்சுத்துணை கிடைத்த பிறகு அத்தை ஒருநாளும் மட்டம் போடவில்லை.

அத்தையின் டெலோமியரை யாரும் அளந்து பார்க்கவில்லை. முட்டுவலி முழுசாகப் போகவும் இல்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுகிறது. ஆனால், மெடிக்கல் ஷாப் மாத்திரை நின்றுவிட்டது; ராத்திரி தூங்குகிறார்.

போன மாதம் போயிருந்தேன். கிளம்பும்போது வாசலில் விடை சொல்லிவிட்டுத் திரும்பினால், அத்தை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு கடைத் திண்ணையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தார். "வலிக்கா அத்தை?" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யுது மக்களே. அதுக்காக உன்னைத் தனியா விடவா?" என்று எழுந்தார்.

பஸ் வந்தது. பையைக் கையில் கொடுத்தார். உள்ளே முருங்கைக்காய்.