பூங்குழலிக்குக் கல்கி எழுதிய பாட்டு

ஆடிப்பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிறான் வந்தியத்தேவன். எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. கரையெங்கும் கூட்டாஞ்சோறும் சித்ரான்னமுமாக ஜனங்கள். பெண்கள் வடவாறு, வெள்ளாறு, காவேரி என்று பெருகி வரும் ஆறுகளைச் சொல்லிச் சொல்லிப் பாடுகிறார்கள்.

'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே இப்படி ஒரு வெள்ளப் பாட்டோடுதான். கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டில். அன்றைக்குப் பெண்கள் என்ன பாடினார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அதனால் கல்கி தாமே எழுதிக்கொண்டார்.

மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்தவர் அவர். ஆற்றில் புது வெள்ளம் வருவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் பாட்டு வராமல் எப்படிப் போகும்! தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர்தான். அவரும் கீர்த்தனைகள் இயற்றினார். ஆனால் அவை தனி நூலாக வந்தன. கல்கியோ பாட்டைக் கதைக்குள்ளேயே வைத்தார்.

அதுவும் எல்லோருக்கும் சொந்தப் பாட்டு எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஆழ்வார்க்கடியான் வாயைத் திறந்தால் பாசுரம். தஞ்சாவூரில் பூ கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதனுக்குத் தேவாரம். 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமி அபிநயம் பிடிப்பதும் அப்பர் பதிகத்துக்குத்தான். ஏற்கெனவே இருக்கிற பாட்டை எடுத்துக்கொள்ளக் கல்கி தயங்கவே இல்லை.

ஆனால் கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலிக்கு எந்தப் பதிகம் பொருந்தும்? கலங்கரை விளக்கக் காவல்காரர் மகள். மனத்தில் இருப்பவனோ சோழ இளவரசன். யாரிடமும் சொல்ல முடியாத ஆசை. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் கடல் அடங்கிக் கிடக்க, அவள் தனியாகப் படகில் இருந்து பாடுகிறாள். வெளியே இவ்வளவு அமைதி இருக்க, உள்ளே ஏன் இந்தக் கொந்தளிப்பு என்று தன்னையே கேட்டுக்கொள்கிற பாட்டு அது. அவள் யார், என்ன குறை என்று கதை சொல்வதற்கு முன்பே பாட்டு பாதியைச் சொல்லிவிடுகிறது. வேறு யார் பாட்டை வைத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமரிசனம் எழுதியவர். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1940-களில் தமிழிசைக்காக வரிந்து கட்டியவர். 1945-ல் வந்த 'மீரா' படத்தில் எம்.எஸ். பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' அவர் எழுதியதே. தமிழில் புதிதாகப் பாட என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கட்டுரையில் மட்டும் பதில் சொன்னால் போதுமா? 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதையிலும் அந்தப் பதிலைக் கலந்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

இத்தனை சங்கீதம் தெரிந்தவர், பூங்குழலியின் பாட்டுக்கு மேலே ராகம், தாளம் எதையும் போடவில்லை. வரிகளை மட்டும் அச்சிட்டார். பத்திரிகையை உரக்கப் படித்த வீடுகளில் அவரவர் வாய்க்கு வந்த மெட்டுத்தான்.

2022 செப்டம்பர் 30-ல் மணிரத்னத்தின் படம் வந்தபோது பூங்குழலிக்குப் புதுப் பாட்டு. எழுதியவர் சிவா ஆனந்த், இசை ஏ.ஆர். ரஹ்மான், குரல் அந்தரா நந்தி. கல்கியின் வரிகள் இல்லை. ஆனால் 'அலைகடல்' என்ற அந்த முதல் சொல்லை மட்டும் அவர்களும் விடவில்லை.