மார்பு இறுக்கம்: எல்லாம் வாயுதானா?

விருந்துண்ட இரவில் மார்பு இறுகுகிறது. உள்ளே ஏதோ ஒன்று ஏறி அழுத்துவது போலிருக்கிறது. உடனே வீட்டிலுள்ளோர் கூறும் சொல் ஒன்று உண்டு: "வாயுதான், ஒரு சோடா குடித்தால் சரியாய்ப் போய்விடும்." பெரும்பாலும் அது மெய்யாகியும் விடுகிறது. ஏப்பம் வருகிறது, இறுக்கம் தளர்கிறது, உறக்கமும் கூடுகிறது. இவ்வாறு பலமுறை மெய்யானதனாலேயே அச்சொல்லின்மீது நமக்கு அளவுகடந்த நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது. ஆனால் அது பொய்யாகும் ஒரு நாளில் போவது உயிர். ஆதலின் வயிற்றினால் வரும் இறுக்கம் எத்தகையது, டாக்டரை எப்பொழுது நாட வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது அறியாமையினால் மட்டும் அன்று. உடலின் அமைப்பே அத்தகையது. சுமார் 25 செண்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், மார்புக்கூட்டினுள் இருதயத்திற்குப் பின்புறமாக இறங்கி இரைப்பையை அடைகிறது. இருதயத்தின் வலியையும் உணவுக்குழாயின் வலியையும் எடுத்துச் செல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்றிலிருந்து கூக்குரல் எழுந்தால், தெருமுனையில் நிற்பவன் எந்த வீடு என்று எங்ஙனம் அறிவான்? மூளையின் நிலையும் அதுவே.

வயிற்றினால் வருவன

வயிற்றைச் சார்ந்த காரணங்களுள் முதலாவது, இரைப்பையின் அமிலம் மேலேறுதல். உணவுக்குழாய் முடியுமிடத்தில் வளையம் போன்றதொரு தசை உண்டு. உணவு இறங்கும்போது திறந்து, பின் மூடிக்கொள்வது அதன் வேலை. அது தளர்ந்தால் அமிலம் மேலே வந்து, நெஞ்சு கரிக்கும். வாயில் புளிப்பு நீர் ஊறும். சிலருக்கு எரிச்சலே இன்றி இறுக்கம் மட்டும் தோன்றும். வயிறு புடைக்க உண்ணுதல், எண்ணெய்ப் பலகாரங்கள், புகை, மது, பருத்த வயிறு, உண்டவுடன் படுத்தல் ஆகியவை இதனை வளர்ப்பன. கருவுற்ற பெண்களுக்கும் இது மிகுதி.

இரண்டாவது, உணவுக்குழாயின் தசை திடீரெனச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளுதல். இவ்வலி இருதய வலியைப் போலவே இருக்கும். வியப்பு என்னவெனில், இருதய நோயாளர் நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையால் இதுவும் தணியக்கூடும்.

மூன்றாவது, இரைப்பைப் புண். கவலையும் காரமுமே இதற்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர் இதற்கு ஒரு கிருமி காரணமாவதைக் கண்டறிந்தனர். அதற்காக 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். மூட்டுவலிக்கென நாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் இப்புண்ணுக்கு முக்கிய காரணமாகும்.

பித்தப்பைக் கல்லால் வரும் வலி, கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது விலாவின் அடியில் தொடங்கி, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும். குடலில் காற்று அடைபட்டு இடது விலாவின் அடியில் குத்துவதும் உண்டு. இதுவே நாம் மெய்யாக வாயு என்று கூறத்தக்கது.

வீட்டில் தீர்ப்புக் கூறலாமா?

குனிந்தாலும் படுத்தாலும் மிகுவது, புளித்த ஏப்பத்துடன் வருவது, எரிச்சலாக மேலேறுவது ஆகியவை பெரும்பாலும் வயிற்றைச் சார்ந்தவை. நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் வந்து, நின்றால் தணிவது இருதயத்தைச் சார்ந்ததாக இருக்கலாம். ஆனால் இவை குறிப்புகளேயன்றி முடிவான தீர்ப்புகள் அல்ல. 1768-ஆம் ஆண்டில் லண்டனில் இருதய மார்பிறுக்கத்தை விரிவாக எடுத்துரைத்த வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவரே, அது மேட்டில் ஏறும்போதும் உண்டபின் நடக்கும்போதும் சிறப்பாகத் தாக்குகிறது எனக் குறித்துள்ளார். ஆகவே "சாப்பிட்ட பின்தானே வந்தது" என்பது ஆறுதலுக்குரிய காரணமன்று. ஏப்பம் வந்ததும், அமிலம் தணிக்கும் மருந்தால் சற்றுச் சுகம் தோன்றியதும் இருதயம் நலம் என்பதற்குச் சான்றாகா. இருதயத்தின் அடிப்பகுதி தாக்குண்டால் மேல்வயிற்று வலியும் வாந்தியுமே தோன்றுவதுண்டு. பெண்களுக்கும், முதியோருக்கும், நீரிழிவு உடையோருக்கும் கடும் வலியே இன்றி மூச்சுத் திணறலும் பெருங்களைப்பும் மட்டும் வரலாம்.

உடனே செல்ல வேண்டிய நேரம்

மார்பில் பாரமோ இறுக்கமோ தோன்றிச் சில நிமிஷங்களில் தணியாவிட்டால், அல்லது தணிந்து மீண்டும் மீண்டும் வந்தால், தாமதிக்கலாகாது. வலி தோள், கை, கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுதல், தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் அதுவே அபாய அறிவிப்பு. நோயாளியை அமர வைத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். அவரை நடக்க விடாதீர்கள்; வண்டி ஓட்டவும் விடாதீர்கள். சுக்குக் கஷாயமும் ஓமத் தண்ணீரும் நல்லவையே. ஆயினும் அவை கொதிக்கும் வரை காத்திருக்கும் நேரம் இதுவன்று. அடைபட்ட இரத்தக் குழாயை எத்துணை விரைவில் திறக்கிறார்களோ அத்துணை இருதயத் தசை பிழைக்கும். முதல் ஈ.ஸி.ஜி. சரியாக இருந்தாலும், டாக்டர் மறுமுறை எடுக்கவும் இரத்தம் சோதிக்கவும் கூறினால் பொறுமையுடன் இருங்கள்.

இரத்த வாந்தியும், தார் போன்ற கருமையான மலமும் வயிற்றைச் சார்ந்தவையே எனினும் அவற்றிற்கும் உடனே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். உணவு விழுங்கும்போது அடைத்தல், காரணமின்றி உடல் மெலிதல், சில வாரங்களாகத் தொடரும் நெஞ்செரிச்சல் ஆகியவற்றிற்கு நாள் கடத்தாமல் டாக்டரைக் காண வேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கு

பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் பலர், அலுவல் முடிந்து நெடுந்தூரம் பிரயாணம் செய்து, இரவு பத்து மணிக்கு மேல் உண்டு உடனே படுக்கின்றனர். பகலில் பசியை அடக்கிவிட்டு இரவில் ஈடுகட்டுவது அமிலம் மேலேற வழி செய்வதாகும். மாலையில் சிறிது சிற்றுண்டி கொண்டு, இரவு உணவைக் குறைத்து, உறங்குவதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்னதாக முடித்துவிடுதல் நலம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைத்துச் சுமார் 15 செண்டிமீட்டர் உயர்த்துவதும், இடப்புறம் சாய்ந்து படுப்பதும் பலருக்குச் சுகம் தருகின்றன.

வடநாட்டுக் குளிர்காலத்தில் மற்றோர் எச்சரிக்கை வேண்டும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இருதயத்தின் வேலையை மிகுவிக்கிறது. விடியற்குளிரில் உலாவும் பெரியோர் மார்பு இறுகுகிறது என்றால், முந்தின இரவு உண்ட பூரியின் மீது பழி போடாதீர்கள்.

ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் தாய் தந்தையரே பெரிதும் கவனிக்கத்தக்கவர். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், மொழி அறியாமல் அவர்கள் தனித்திருப்பர். பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று, வலியை "வாயு" என்று தாமே பெயரிட்டு அடக்கிக்கொள்வர். அவர்களுக்காக ஒரு காகிதத்தில் நாட்டிற்குப் பொதுவான அவசர எண் 112, பல மாநிலங்களில் ஆம்புலன்ஸுக்குரிய 108, வீட்டு விலாசம், அண்டை வீட்டாரின் எண், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை எழுதி, கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். "மார்பு வலிக்கிறது" என்பதற்கு ஹிந்தியில் "சீனே மே தர்த் ஹை" என்றும், வங்காளியில் "புகே பேதா" என்றும் கூறுவதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, இரண்டொரு முறை சொல்லிப் பழக்குங்கள். இரவிலும் ஈ.ஸி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரி அருகில் எது என்பதையும் இன்றே விசாரித்து வையுங்கள்.

அவசரமாகச் சென்றபின் "வெறும் அஜீரணந்தான்" என்று டாக்டர் கூறினால் அதில் வெட்கம் ஏதுமில்லை. மகிழ்ச்சியுடன் வீடு திரும்பலாம். வாயு என்று கூறும் உரிமை சோதித்துப் பார்த்த டாக்டருக்கே உரியது. நமக்கு உரியது காலத்தில் அவரிடம் கொண்டு சேர்க்கும் கடமை.