ஒத்து ஊதும் டயர்

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வளைகுடாவில் வேலை; விடுப்பில் வந்தவர் வீட்டுக் காருக்கு நான்கு டயரையும் மாற்றியிருக்கிறார். பு.முட்லூர் போய்க் கடலூர் சாலையில் ஏறி எண்பதைத் தொட்டதும் காருக்குள் ‘ம்ம்ம்’ என்று விடாத முனகல். தேய்ந்த பழைய டயரில் இது இல்லையாம். புது டயர் எப்படிக் கூடுதலாகச் சத்தம் போடும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறார்.

ஏமாற்றியிருக்க மாட்டார். விலை என்ன, எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்ற இரண்டைத்தான் இவர் கேட்டிருப்பார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அவ்வளவுதான் கேட்கிறோம். சத்தம் போடுமா என்று யாரும் கேட்பதில்லை.

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் எஞ்சினை டயர் சத்தம் முந்திவிடுகிறது. வேகம் இரட்டிப்பானால் சுமார் 9 முதல் 12 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இருமடங்காகக் கேட்கும். டயர் சத்தம் காருக்குள் வர இரண்டு வழிகள். டயரின் வெளிப்பரப்பில் உள்ள ரப்பர் கட்டிகளான பட்டன்கள் தரையை அறைகிற சத்தமும், பட்டன் இடுக்கில் மாட்டிய காற்று பிதுங்கி வெளியேறும் சத்தமும் கதவு, கண்ணாடி வழியே நுழைகின்றன. ரோட்டின் கரடுமுரடோ அதிர்வாக மாறி, சஸ்பென்ஷன் வழியாகத் தரைத்தகட்டில் ஏறி, தடித்த உறுமலாக வருகிறது. இதற்கிடையில் டயருக்குள் அடைபட்ட காற்றும் சும்மா இருப்பதில்லை. சாதாரணக் கார் டயரில் 200 ஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டிய இடத்தில் அது ஒத்ததிர்ந்து ரீங்கரிக்கும்.

என்னை அதிகம் கவர்ந்தது பட்டன் விஷயம்தான். அடுத்த முறை காரருகில் நிற்கும்போது ஒரு அடி ஸ்கேலை வைத்து வரிசையாக அளந்து பாருங்கள். பட்டன்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒன்று நீளம், அடுத்தது குட்டை, பிறகு இரண்டு நடுத்தரம் என்று கலைந்து கிடக்கும். அச்சுக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். பொதுவாக மூன்று முதல் ஐந்து வகை நீளங்களை எடுத்து, எதற்குப் பின் எது என்று கணக்குப் போட்டு அடுக்கிய வரிசை அது.

எதற்காக இந்தக் கலைப்பு? பதினைந்து அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.95 மீட்டர் நகரும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினொன்றரைச் சுற்று. சுற்றுக்கு 65 பட்டன், எல்லாம் ஒரே நீளம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 740 அறை, பிசகாமல். அது இரைச்சல் இல்லை, ஒரு சுருதி. சிதம்பரம் தேரோடும் வீதிகளில் நாகஸ்வரத்தோடு ஒத்து ஊதக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரே ஸ்வரத்தை மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அது. நாகஸ்வரமே இல்லாமல் ஒத்தை மட்டும் கடலூர் வரை கேட்டுக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். நீளத்தை மாற்றி மாற்றி வைத்தால் அந்த ஒற்றைச் சுருதி சிதறி, பொதுவான ‘ஷ்ஷ்’ ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், மொத்தச் சத்தம் பெரிதாகக் குறைவதில்லை. கருவி காட்டும் டெசிபல் கிட்டத்தட்ட அதேதான். எரிச்சல்தான் போகிறது.

இவ்வளவு கணக்குப் போட்டுச் செய்த வரிசையை நாம் என்ன செய்கிறோம்? காற்றை மாதக் கணக்கில் பார்ப்பதில்லை. அலைன்மென்ட் ஸ்டியரிங் இழுத்தால்தான். முன் டயரைப் பின்னுக்கு மாற்றச் சொன்னால் கடைக்காரருக்கு வருமானம் என்கிறோம். பட்டன்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டாகிவிடுகிறது. கையால் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடுக்கும். அந்த டயர் முனகத் தொடங்கியதும் பலர் செய்வது, பாட்டுச் சத்தத்தை ஏற்றுவது.

அழகுக்காக அகலமான டயர் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அகலம் கூடினால் சத்தம் கூடும். பக்கச்சுவர் குட்டையானால் குலுக்கல் அப்படியே உள்ளே வரும். எஞ்சின் சத்தம் இல்லாத மின்சாரக் கார்களில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிவதால், சில நிறுவனங்கள் டயருக்குள்ளேயே ஸ்பாஞ்ச் ஒட்டித் தருகின்றன. உள்காற்றின் ரீங்காரத்தை அது நன்றாகவே விழுங்கும். ஆனால் பஞ்சர் ஒட்ட ஸ்பாஞ்சை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்ட வேண்டும். நம் சாலையோரக் கடையில் அதைக் கொடுத்துவிட்டுப் படும் பாட்டுக்குச் சாதாரண டயரே மேல்.

டயர் சத்தத்துக்கு நம் நாட்டிலும் விதி வந்துவிட்டது. 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்பு டயர்கள் ஏஐஎஸ் 142 தரத்துக்கு உட்பட வேண்டும். ஆனால் அது அளப்பது ரோட்டோரத்தில் நிற்பவர் காதில் விழும் சத்தத்தை. காருக்குள் இருப்பவருக்கு அது உத்தரவாதம் இல்லை.

பரங்கிப்பேட்டை நண்பர் முதலில் டயரின் பக்கச்சுவரைப் பார்க்கட்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது கார் முன்னே போகும்போது சக்கரம் சுழலும் பக்கம் காட்ட வேண்டும். ‘வெளிப்பக்கம்’ என்று அச்சிட்டிருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். மாற்றிப் பூட்டியிருந்தாலும் சத்தம் வரலாம். பிறகு ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் ஆறிய நிலையில் காற்றைச் சரிபார்க்கட்டும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் முனகல் மாறினால் குற்றம் டயரில். ரோடு எப்படியிருந்தாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து முனகலும் தொடர்ந்தால், அந்த டயரின் பட்டன் அமைப்பே அப்படி. அடுத்த முறை வாங்கும்போது, அதே டயர் போட்ட இன்னொருவர் காரில் எண்பதில் ஒரு சுற்றுப் போய்வந்து, பிறகு விலை பேசுங்கள்.