அம்மாவோடு கிழக்குக் கரை வழியே

"இரண்டு பொம்பிளையள் தனியக் காரில போறதா? வழியில சில்லு காத்துப் போனா என்ன செய்வியள்?"

நானும் அம்மாவும் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வழியாகத் திருக்கோவில் வரை போகப்போகிறோம் என்றதும் அயலவர்கள் கேட்ட முதற் கேள்வி இதுதான். எனக்கு வயது 39. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தே இரண்டு வருடங்கள்தான். அம்மாவுக்கு 70. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் கடந்த ஆடி மாதத்தில் ஒரு காலைப் பொழுது, இடியப்பப் பார்சலும் சுடுதண்ணீர்ப் போத்தலும் அம்மாவின் மருந்துப் பையுமாகப் பாலையூற்றிலிருந்து புறப்பட்டுவிட்டோம்.

அம்மா ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "கடற்கரைக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாத."

அம்மா பிறந்தது மட்டக்களப்பு நாவலடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அலைச் சத்தத்தில் வளர்ந்தவர் 20 வருடங்களுக்கு மேலாகத் திறந்த கடலைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்து நிற்கும் கோணேசர் கோயிலுக்குக்கூட அவர் போவதில்லை. காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

பாதை என்றால் பாலம் அல்ல

சீனன்குடாவையும் வெள்ளைமணலையும் தாண்டியதும் கிண்ணியாப் பாலம் வருகிறது. 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இங்கே 'பாதை'தான். கிழக்கில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்றே பெயர்.

"அந்தக் காலத்தில மட்டக்களப்புக்குப் போறதெண்டா ஒரு பாதையா, ரெண்டு பாதையா?" என்று அம்மா தொடங்கினார். "கிண்ணியாவில ஒண்டு, கங்கையில ஒண்டு, இறால்குழியில ஒண்டு, வெருகலில ஒண்டு... பஸ்ஸில இருந்து இறங்கி ஏறி, இறங்கி ஏறி, உன்ர அக்காவை இடுப்பில வைச்சுக்கொண்டு போவன்."

போர்க் காலத்தில் அந்த வழியும் அடைபட்டது. ஹபரணை வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். இன்று கரையோர வீதியால் சுமார் 130 கிலோமீற்றர். 2011ஆம் ஆண்டளவில் மற்றப் பாலங்களும் வந்துவிட்டதால் மூன்று மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். ஆனால் எல்லோருக்கும் பாலம் கிடைத்துவிடவில்லை. இதே கிண்ணியாப் பிரதேசத்தில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்த நிலையில், 2021 நவம்பரில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தச் செய்தி வந்த நாளில் அவர் சாப்பிடவில்லை.

மூதூரில் பழைய ஆசிரியை வாய் திறந்தார். 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதியில் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறக்குறைய 20 வருடங்கள் மலைநாட்டில் கைதியாக இருந்த கதையைச் சொன்னார். வீதியோரத்தில் சட்டித் தயிர் வாங்கினோம். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் இறங்கி, அம்மா தேங்காய் உடைத்தார். ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம்.

வாகரை வீதியில் அம்மா சொன்னது

கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி. 2004இல் கடலும் 2006, 2007இல் போரும் அடுத்தடுத்து வந்து சனத்தை எழுப்பிய ஊர்கள் இவை. இப்போது வீதியோரம் அவித்த சோளம் விற்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒருவரிடம் நாலு சோளம் வாங்கிக்கொண்டு நிழலில் காரை நிறுத்தினோம். கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வீசியது. மரங்களுக்கு அப்பால் கடலின் சத்தம் கேட்டது. அம்மா சோளத்தைக் கையில் வைத்திருந்தார், கடிக்கவில்லை.

"அண்டைக்கு நீ போனில பொய் சொன்னது ஞாபகம் இருக்கா, பிள்ளை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாபகம் இருக்கிறதாவா? அதை நான் மறந்த நாள் இல்லை.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். அம்மா கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்துவிட்டதால், நாவலடி வீடும் தென்னங்காணியும் சின்னம்மாவுக்கு எழுதப்பட்டன. காணியில் பாதி தனக்கும் உரியது என்று அம்மா கேட்டார். வார்த்தை தடித்தது. இரண்டு வருடங்களாகச் சகோதரிகள் இருவரும் பேசவில்லை.

2004 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். சின்னம்மா. "அம்மாவைக் கூப்பிடு மகள், லீவுக்கு எல்லாரும் இஞ்ச வாங்கோ" என்றார். அம்மா எனக்கு எதிரே நின்று கையை ஆட்டினார். "அம்மா கோயிலுக்குப் போயிட்டா சின்னம்மா" என்றேன். "சரி, வந்ததும் எடுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அம்மா எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள், காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெண்களும் சிறுவர்களுமே அதிகம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல், நீந்தத் தெரியாமல், மரமேறிப் பழக்கமில்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர். சின்னம்மாவும் அவருடைய கடைசி மகளும் போனார்கள். மூத்த மகன் அன்று நகரத்தில் நின்றதால் தப்பினான்.

"பொய் சொன்னது நான்தானே அம்மா" என்றேன். இவ்வளவு காலமும் வாய்க்குள் இருந்த வார்த்தை அது.

"நீ சின்னப் பிள்ளை. கை காட்டினது நான்" என்றார் அம்மா. "உன்னைப் பொய் சொல்ல வைச்சிட்டன் எண்டு எத்தனை நாள் நினைச்சிருக்கிறன். சொல்லத்தான் வாய் வரேல்ல."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பாரத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக இத்தனை வருடங்கள் சுமந்திருக்கிறோம்! வீட்டில் என்றால் அடுப்பு இருக்கும், வருவோர் போவோர் இருப்பார்கள். பேச்சு வரும்போது எழுந்து போய்விடலாம். காருக்குள் எழுந்து போக இடமில்லை.

நாவலடியில்

ஓட்டமாவடிப் பாலம், வாழைச்சேனை, ஏறாவூர் என்று கடந்து, மட்டக்களப்பு நகரில் சின்னம்மாவின் மகன் வீட்டில் இரவு தங்கினோம். தம்பியின் மனைவி வாவி மீன் குழம்பு வைத்திருந்தா. அம்மா இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது அவர் புரண்டு படுத்ததிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை கல்லடிப் பாலத்தில் ஏறினோம். 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம். பக்கத்திலே பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலமும் நிற்கிறது. பௌர்ணமி இரவில் மீன் பாடும் என்று சொல்வது இந்த இடத்தில்தான். நேரே போனால் காத்தான்குடி, கல்முனை. நான் நேரே போகத்தான் இருந்தேன்.

"இடப்பக்கம் திருப்பு" என்றார் அம்மா.

நாவலடியில் தம்பி மோட்டார் சைக்கிளில் முன்னால் வந்து காணியைக் காட்டினான். வீடு இல்லை. அத்திவாரத்தின் ஒரு மூலையும் கிணற்றுக் கட்டும் மிச்சம். பிறகு நட்ட தென்னைகள் காய்த்து நிற்கின்றன. அம்மா சண்டை பிடித்துக் கேட்ட காணி அதுதான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, கடற்பக்கம் திரும்பி நின்றார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல, மெல்லச் சொன்னார்:

"நான் வீட்டிலதான் நிண்டனான், தங்கச்சி."

அவ்வளவுதான். தம்பி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். நானும் அழுதேன்.

மருதமுனையில் இரண்டு சாறி

அங்கிருந்து தெற்கே போகும் வீதியில் ஊருக்கு ஊர் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் மாறி மாறி வருகின்றன. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் அம்மா இறங்கவேண்டும் என்றார். கடைக்குள் போய் ஒரே நிறத்தில், ஒரே கரையில் இரண்டு சாறி எடுத்தார்.

"நானும் தங்கச்சியும் தீபாவளிக்கு இஞ்ச வந்து ஒரே மாதிரித்தான் எடுப்பம். ஒண்டு உனக்கு. மற்றது உன்ர அக்காவுக்கு."

நான் பேசாமல் நின்றேன். அக்கா கனடாவில். அப்பா இறந்தபின் பாலையூற்று வீட்டு உறுதி விஷயத்தில் எங்களுக்குள் மனத்தாங்கல். இரண்டு வருடங்களாக நான் அவளுடன் கதைப்பதில்லை. அவள் அம்மாவுக்கு எடுக்கும்போது நான் குசினிக்குள் போய்விடுவேன். சில நேரம், "அவள் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்று அம்மாவுக்குக் கை காட்டியும் இருக்கிறேன். அம்மா அதை ஒருநாளும் குறை சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. சாறிப் பையை என் கையில் தந்துவிட்டுக் காரில் ஏறினார்.

சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் கடந்து பின்னேரம் திருக்கோவிலை அடைந்தோம். முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல். அம்மா மணலில் உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போகவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அன்றிரவு நான் அக்காவுக்கு எடுத்தேன். என் பெயரைப் பார்த்துப் பயந்துபோய், "அம்மாவுக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்டாள். "அம்மாவுக்கு ஒண்டுமில்லை. உனக்கு மருதமுனைச் சாறி வாங்கியிருக்கிறா" என்றேன். உறுதிக் கதை இன்னும் முடியவில்லை. ஆனால் கிழமைக்கு ஒருமுறை கதைக்கிறோம்.

புறப்படும் சகோதரிகளுக்கு

வயதான தாயாரோடு பயணம் போக விரும்பும் வாசகிகளுக்குச் சில வார்த்தைகள். அதிகாலையில் புறப்பட்டு மத்தியானச் சூட்டுக்கு முன் பெரும்பகுதியை ஓடிவிடுங்கள். மருந்தையும் மருந்துச் சிட்டையையும் கைப்பையிலே வையுங்கள். நீரிழிவு உள்ளவர்களை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள். அவசரத்துக்குச் சீனியோ இனிப்போ கையில் இருக்கட்டும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி நாலடி நடக்கவிடுங்கள். மலசலகூட வசதியுள்ள இடங்களை முன்கூட்டியே விசாரியுங்கள். மேலதிகச் சில்லு நல்ல நிலையில் உள்ளதா என்று பாருங்கள். சொந்தக் கார் வேண்டும் என்பதில்லை; பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து ஆசனம் கிடைக்கும்.

எங்கள் சில்லு வழியில் காற்றுப் போகவில்லை. போயிருந்தாலும் மாற்றியிருப்போம்.

உங்கள் வீட்டிலும் எடுக்கப்படாத தொலைபேசி அழைப்பு ஒன்று இருக்கக்கூடும். இன்று பின்னேரமே எடுத்துவிடுங்கள், சகோதரிகளே.