ஆறு மார்க்குக்கு என்ன பொருள்? – வீடியோ கேம் விமர்சனங்கள் வழி திறனாய்வு எழுதக் கற்போம்

“டீச்சர், பத்துக்கு ஆறுன்னா நல்லா எழுதியிருக்கேனா, இல்லையா?”

படிவம் ஐந்து மாணவன் ஒருவன் கட்டுரைத் தாளோடு வந்து என்னிடம் கேட்ட கேள்வி இது. தாளை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் 6/10 என்று போட்டு, கீழே ‘இன்னும் முயற்சி செய்க’ என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான். எந்த இடம் நன்றாக இருந்தது, எங்கே சறுக்கினான், எதைத் திருத்தினால் எட்டு கிடைக்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

அன்று கொடுத்த பணி, ‘அண்மையில் நீ படித்த, பார்த்த அல்லது விளையாடிய ஒன்றைத் திறனாய்வு செய்க’ என்பது. அவன் ஒரு வீடியோ கேமைப் பற்றி எழுதியிருந்தான். ‘கிராஃபிக்ஸ் சூப்பர். கதை கொஞ்சம் போர். ஆனாலும் அனைவரும் விளையாட வேண்டும்’ என்ற போக்கில் இரண்டு பக்கம். காரணமே சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொன்னதால்தான் மார்க்கைக் குறைத்தேன். ஆனால் நானும் அவன் தாளுக்குக் காரணம் சொல்லாமல்தானே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்! “கேம் ரிவியூல கூட ஏன் இந்த மார்க்குன்னு சொல்லிருவாங்க டீச்சர்” என்று அவன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வார இறுதியில் உட்கார்ந்து கேம் விமர்சனங்களைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் நமக்குப் பயன்படுவதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. ‘கலவையான’ படைப்பு என்றால் என்ன?

மிக நல்ல கேமைப் பற்றி எழுதுவது எளிது. மிக மோசமானதைப் பற்றி எழுதுவது இன்னும் எளிது. நிறையும் குறையும் கலந்து கிடக்கும் கேமைப் பற்றி எழுதும்போதுதான் விமர்சகரின் திறமை தெரியும்.

மெட்டாகிரிட்டிக் என்னும் இணையத்தளம் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பல விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு எத்தனை என்று ஒரே எண்ணாகக் காட்டும். இது வெறும் சராசரி அன்று. சில ஏடுகளின் மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை உண்டு. கேம்களைப் பொறுத்தவரை 75க்கு மேல் பச்சை நிறம், 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. ஆனால், திரைப்படத்துக்கு 61 எடுத்தாலே பச்சை வந்துவிடும். ஒரே 70 திரைப்படத்துக்குப் பாராட்டு, கேமுக்குச் சுமார்! ஆகவே, அளவுகோலைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அந்த எண் ஒன்றும் சொல்லாது. இதை மாணவர்கள் மனத்தில் முதலில் பதிய வையுங்கள்.

2. நான்கு கேம்கள், நான்கு பாடங்கள்

அ) குறை ஒன்று, எடை வேறு

2010இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த ஜப்பானிய கேம் ‘டெட்லி பிரிமோனிஷன்’. கிரீன்வேல் என்ற சிற்றூரில் நடந்த கொலையைத் துப்பறிய யார்க் என்னும் அதிகாரி வருகிறார். காட்சிகள் பழசாக இருந்தன. காரோட்டுவதும் சண்டையிடுவதும் விளையாடுபவரின் பொறுமையைச் சோதித்தன. ஆனால் அந்த ஊர்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அன்றாட வாழ்க்கை இருந்தது. யார்க் தன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் ஒருவரோடு பேசிக்கொண்டே இருப்பார். இப்படி ஒரு விசித்திரமான கதைமாந்தரை வேறெங்கும் காண்பது அரிது.

ஐஜிஎன் இந்த கேமுக்குப் பத்துக்கு 2 கொடுத்தது. டெஸ்ட்ரக்டாய்டு பத்துக்குப் 10 கொடுத்தது! விமர்சகர்களை மிக அதிகமாகப் பிளவுபடுத்திய திகில் கேம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலேயே இடம்பிடித்துவிட்டது. இருவரும் பார்த்தது ஒரே கேம்தான். ஓட்டைகளும் ஒன்றுதான். ‘ஆட்டத்தை ஆடவே சிரமமாக இருந்தால் மற்றவை இருந்து என்ன பயன்?’ என்பது ஒரு நோக்கு. ‘இந்தக் கதையும் மாந்தரும் கிடைக்குமென்றால் அந்தச் சிரமத்தைத் தாங்கலாம்’ என்பது இன்னொரு நோக்கு.

*பாடம்:* நிறை குறைகளைப் பட்டியலிட்டால் மட்டும் திறனாய்வு ஆகாது. எதற்கு அதிக எடை கொடுக்கிறோம், ஏன் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

ஆ) நோக்கத்தை வைத்து அளத்தல்

2019 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது ஹிடியோ கொஜிமாவின் ‘டெத் ஸ்ட்ராண்டிங்’. முதுகில் பொதி சுமந்து, மலையும் ஆறும் கடந்து, பொருள்களை உரியவரிடம் சேர்ப்பதுதான் ஆட்டத்தின் பெரும்பகுதி. ஜப்பானின் ஃபாமிட்ஸு இதழில் ஒரு கேமை நான்கு பேர் மதிப்பிடுவார்கள், ஆளுக்குப் பத்து மார்க். இதற்கு நாற்பதுக்கு நாற்பது கிடைத்தது. ஐஜிஎன் கொடுத்ததோ 6.8.

மெதுவாக நடப்பது சலிப்பு என்று ஒருவர் சொல்லலாம். தனிமையையும் மனிதரோடு மனிதர் இணைவதையும் உணர்த்த அந்த மெதுநடை வேண்டும் என்று மற்றவர் சொல்லலாம். நல்ல விமர்சகர் முதலில் ‘இந்தப் படைப்பு எதைச் செய்ய முயல்கிறது?’ என்று கேட்கிறார். அப்புறம்தான் ‘அதில் வெற்றி பெற்றதா?’ என்று கேட்கிறார். தனக்குப் பிடித்ததா என்பது மூன்றாவது கேள்வி. நம் மாணவர்கள் பலர் அந்த மூன்றாவது கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

*பாடம்:* மெதுவாகச் செல்லும் நாவலைப் படித்துவிட்டு ‘போர்’ என்று எழுதும் முன், ஆசிரியர் ஏன் மெதுவாகச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இ) எதைப் பார்த்துச் சொன்னோம்?

2020 டிசம்பர் 10. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் ‘சைபர்பங்க் 2077’ கேமை வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு. அதைப் பார்த்துப் பலரும் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற பழைய கன்சோல்களில் வாங்கியவர்களுக்குக் கிடைத்த அனுபவமே வேறு. படம் மங்கியது, ஆட்டம் திக்கியது, பாதியிலேயே நின்றது. பிளேஸ்டேஷன் 4 பதிப்பின் திரட்டு மதிப்பெண் 60ஐக்கூடத் தொடவில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி அந்த கேமைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. 2021 ஜூனில்தான் அந்த கேம் மீண்டும் கடைக்கு வந்தது.

முதலில் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. கணினியில் கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனால் கையில் பழைய கன்சோல் வைத்திருந்தவருக்கு அந்த உண்மை பயன்படவில்லை. காசு போனது அவருக்குத்தானே!

*பாடம்:* எந்தப் பதிப்பை, எவ்வளவு தூரம் பார்த்தோம் என்பதைத் திறனாய்வில் சொல்வது நேர்மை. திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலை மதிப்பிடும் மாணவனுக்கும் இது பொருந்தும்.

ஈ) எப்போது சொன்னோம்?

2016 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹெல்லோ கேம்ஸ் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’ எண்ணிலடங்காக் கோள்களைச் சுற்றிவரும் விண்வெளி கேம். எதிர்பார்ப்பு வானளவு. வந்தபின் ‘கோள்கள் நிறைய, செய்வதற்கோ வேலை குறைவு’ என்ற ஏமாற்றம் பரவியது. பிளேஸ்டேஷன் 4 பதிப்பின் திரட்டு மதிப்பெண் 71. மஞ்சள் நிறம். ஆனால் அந்தச் சிறிய குழு ஓடி ஒளியவில்லை. பல ஆண்டுகளாக இலவசமாகவே புதிய பகுதிகளைச் சேர்த்து வந்தது. பலர் சேர்ந்து விளையாடும் வசதி, தளம் அமைத்தல் என்று கேம் வளர்ந்தது. திட்டியவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் மெட்டாகிரிட்டிக் விமர்சகர் முதலில் கொடுத்த மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளும். அதனால் அந்த 71 அந்த ஆகஸ்ட் மாதத்தின் நிழற்படம்போல அப்படியே நிற்கிறது.

*பாடம்:* தீர்ப்புக்குத் தேதி உண்டு. ஆசிரியர்களே, இது நமக்கும்தான். ஜனவரியில் ‘இவன் சுமார்’ என்று முடிவு கட்டிய மாணவனை அக்டோபரிலும் அதே கண்ணோடு பார்க்கிறோமா?

3. ஒரு மார்க்கின் விலை

2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கியது ஒப்சிடியன் என்னும் நிறுவனம். கதையும் உரையாடலும் பாராட்டைப் பெற்றன. வெளியானபோது இருந்த ஏராளமான தொழில்நுட்பப் பிழைகள் மதிப்பெண்ணைக் கீழே இழுத்தன. மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84! அந்தத் தொகை கைக்கு வரவில்லை என்பதை அங்கிருந்த வடிவமைப்பாளர் ஒருவரே 2012இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தச் செய்தியை வகுப்பில் சொன்னபோது பின்வரிசைகூட அமைதியானது. ஒரு மார்க்கில் கிரேடு தவறிய வலி அவர்களுக்குத் தெரியுமே! விமர்சகர் யாரும் அந்தக் குழுவின் பணத்தைப் பறிக்க நினைத்து எழுதவில்லை. ஆனால் எழுதிய எண்ணுக்கு விளைவு உண்டு. அதனால்தான் காரணம் முக்கியம். 84 என்ற எண்ணைப் பார்த்து அந்தக் குழு ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. ‘பிழைகள் கதையைக் கெடுக்கின்றன’ என்ற வரியைப் படித்தால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம்.

4. வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம்

வாதக் கட்டுரையில் ஒரு பக்கம் நின்று பேசுகிறோம். விவாதக் கட்டுரையில் இரு பக்கத்தையும் ஆராய்ந்து முடிவு சொல்கிறோம். கலவையான கேமுக்கான விமர்சனம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கீழ்க்காணும் ஐந்து படிகளில் எழுதப் பழக்கலாம்:

1. அறிமுகம்: எந்தப் படைப்பு, யாருடையது, எந்தப் பதிப்பு, எவ்வளவு பார்த்தேன்?
2. நோக்கம்: இது எதைச் செய்ய முயல்கிறது?
3. நிறை: ஒரு கருத்து, அதற்கு ஒரு சான்று.
4. குறை: ஒரு கருத்து, அதற்கு ஒரு சான்று. அந்தக் குறை ஓரத்தில் உள்ளதா, அடிப்படையிலேயே உள்ளதா?
5. தீர்ப்பு: எதற்கு எடை அதிகம், ஏன்? யாருக்கு இது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

*முன்:* ‘இந்தக் கார்ப் பந்தய கேமின் கிராஃபிக்ஸ் சூப்பர். ஆனால் கொஞ்சம் போர். அனைவரும் விளையாடலாம்.’

*பின்:* ‘மழையில் நனைந்த சாலையில் விளக்கொளி மின்னுவதுவரை காட்சிகள் நுட்பமாக அமைந்துள்ளன. எனினும், மொத்தம் ஆறே பந்தயத் தடங்கள் இருப்பதால் இரண்டாம் நாளே சலிப்புத் தட்டுகிறது. பந்தய கேமுக்குத் தடங்களே உயிர் என்பதால் இக்குறையைச் சிறியதாகக் கருத இயலாது. நண்பர்களோடு அவ்வப்போது விளையாடுவோருக்கு இது ஏற்றது. தனியே நெடுநாள் விளையாட விரும்புவோர் விலை குறையும்வரை காத்திருக்கலாம்.’

‘எனினும்’, ‘இருப்பினும்’, ‘ஒருபுறம்… மறுபுறம்…’, ‘இக்குறையைப் பொருட்படுத்தாவிட்டாலும்’, ‘ஒட்டுமொத்தமாக நோக்குமிடத்து’ போன்ற தொடர்கள் இங்கே கைகொடுக்கும். பேச்சில் ‘சூப்பர்’, ‘போர்’ என்று சொல்லலாம், தப்பில்லை. தேர்வுத் தாளில் அந்தச் சொல் வந்தால் உடனே ‘எதனால்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் எழுத வேண்டிய வாக்கியம்.

பயிற்சி: இருவர் இருவராக அமருங்கள். இருவரும் அறிந்த ஒரு கேம், படம் அல்லது சிறுகதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிறை, இரண்டு குறைகளைச் சேர்ந்து பட்டியலிடுங்கள். பிறகு ஒருவர் 8 கொடுத்தும் மற்றவர் 5 கொடுத்தும் அதே பட்டியலை வைத்துத் தனித்தனியே ஒரு பத்தி எழுதுங்கள். மாற்றிப் படியுங்கள். எந்தக் காரணம் உங்களை அசைத்தது?

முடிக்கும் முன், அந்த மாணவனைப் பற்றி. அவன் தாளைத் திரும்ப வாங்கி மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தேன்: நடை சரளம், கருத்துக்குச் சான்று இல்லை, முடிவு முன்னே சொன்னதோடு ஒட்டவில்லை. மார்க்கை மாற்றவில்லை, ஆறு ஆறுதான். படித்துவிட்டு, “இப்பப் புரியுது டீச்சர்” என்றான். மறுவாரம் அதே கேமைப் பற்றித் திரும்ப எழுதி வந்தான். நான் கேட்கவே இல்லை.