நெல் அளக்கிற கணக்குத்தான் கம்ப்யூட்டர் பாடம்!

களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளந்த காலத்தில், முதல் மரக்காலுக்கு “ஒன்று” என்று சொல்லமாட்டார்கள். “லாபம்” என்பார்கள். பிறகு, “இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கை ஓடும். குவியல் தீர்ந்ததும் நிற்கும்.

கம்ப்யூட்டரில் இதற்கு “லூப்” என்று பெயர். அதாவது சுற்று. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972-ல் உருவாக்கிய “சி” மொழியில் மூன்று விதச் சுற்றுகள் உண்டு.

தடவைக் கணக்கு முன்பே தெரிந்தால் “ஃபார்”. குவியலில் நெல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளந்தால் “வைல்”. அளந்துவிட்டுப் பார்த்தால் “டூ வைல்”. இதில் வெறுங்களத்திலும் ஒரு தடவை மரக்கால் விழும்!

“சி”யில் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். “10-க்குக் குறைவாக இருக்கும்வரை” என்றால் பத்து தடவை. “10 வரை” என்றால் பதினொன்று. ஒரு மரக்கால் கூடிப்போகும்!

நிற்காத சுற்று

இது விளையாட்டல்ல. 2008 டிசம்பர் 31. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் “ஜூன்” என்ற பாட்டுப் பெட்டிகள் (மாதமல்ல, பெட்டியின் பெயர்!) ஒரே நாளில் உறைந்துபோயின.

காரணம் ஒரு “வைல்” சுற்று. நாள் கணக்கு 365-க்கு மேல் இருக்கும்வரை ஒரு வருஷத்தைக் கழிக்கவேண்டும். லீப் வருஷமானால், 366-க்கு மேல் இருந்தால்தான் கழிக்கவேண்டும். அன்று லீப் வருஷத்தின் 366-வது நாள்! 365-க்கு மேல், ஆகவே சுற்று நிற்கவில்லை. 366-க்கு மேல் இல்லை, ஆகவே கழிக்கவுமில்லை. சுற்றியதையே சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டரி தீரட்டும், மறுநாள் மதியத்துக்குமேல் போடுங்கள் என்று கம்பெனி சொல்லவேண்டி வந்தது.

நோட்டுப் போதும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூரில் படிக்கும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் இன்று கிடைக்காவிட்டால் என்ன? நோட்டும் பென்சிலும் போதும். இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் எண், மற்றதில் கூட்டுத்தொகை. ஒன்று முதல் பத்து வரை ஒவ்வொரு சுற்றையும் எழுதுங்கள். கடைசியில் 55 வரவேண்டும். மனதில் போடாதீர்கள், அங்கேதான் பிழை ஒளிந்துகொள்ளும்.

அடுத்து, கோலப்புள்ளி. முதல் வரிசையில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஐந்து வரிசை. இதற்குச் சுற்றுக்குள் சுற்று வேண்டும். வெளிச்சுற்று வரிசைக்கு, உள்சுற்று புள்ளிக்கு. மொத்தம் 15 வரவேண்டும். 10 வந்தால், “குறைவாக” என்று எழுதிய இடத்தை முதலில் பாருங்கள்.