சூறாவளியும் எண்ணெய் விலையும்: மெக்சிக்கோ வளைகுடா தரும் பாடம்

இயற்கை அனர்த்தம் ஒன்றைத் தொடர்ந்து ஒரு பண்டத்தின் விலை ஏறும்பொழுது, அவ்வேற்றத்தையும் இயற்கையின் செயலாகவே கருதும் வழக்கம் உண்டு. சூறாவளி வீசியது, எண்ணெய்க் கிணறுகள் மூடப்பட்டன, பெற்றோல் விலை உயர்ந்தது. இம்மூன்றும் ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகவே பிறந்தவை போலப் பேசப்படுகின்றன. ஆயின், மெக்சிக்கோ வளைகுடாவைத் தாக்கிய கடுஞ் சூறாவளிகளின் வரலாற்றை நுணுகி நோக்கும்போது, காற்றுக்கும் விலைக்கும் இடையே பல படிகள் இருப்பதும், அவற்றுட் பெரும்பாலானவை மனிதரால் அமைக்கப்பட்டவை என்பதும் புலனாகும். அப்படிகளை ஒவ்வொன்றாக விளக்குவதே எமது நோக்கமாகும்.

கடலில் நிகழ்வது

கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் முயற்சி 1947இல் லூசியானாவுக்கு அப்பாற்பட்ட கடலிலே வெற்றி கண்டது. அதன் பின்னர் இவ்வளைகுடா ஐக்கிய அமெரிக்காவின் பிரதான எண்ணெய் வயல்களுள் ஒன்றாயிற்று. 2005ஆம் ஆண்டளவில் அங்கு ஏறத்தாழ 4,000 மேடைகள் இருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 15 இலட்சம் பீப்பாய் மசகெண்ணெய், அதாவது அந்நாட்டு உற்பத்தியின் காற்பங்குக்கும் அதிகமானது, அங்கிருந்தே கிடைத்தது. சூறாவளிகளுக்கு வலுவூட்டும் வெப்பமான கடல்நீரும் இதே வளைகுடாவிலேயே உண்டு என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

உற்பத்தியை முதலில் நிறுத்துவது காற்று அன்று. மனிதரே அதனை நிறுத்துகின்றனர். சூறாவளி வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே தொழிலாளர் ஹெலிகொப்டர்களில் கரைக்குக் கொண்டுவரப்படுவர். கடலடித்தளத்துக்குக் கீழுள்ள பாதுகாப்பு வால்வுகள் கிணறுகளை அடைத்துவிடும். துளைக்கும் கப்பல்கள் விலகிச் செல்லும். உயிர்ச்சேதத்தையும் எண்ணெய்க் கசிவையும் தவிர்க்கும் நடவடிக்கை இது. இவ்வாறு நிறுத்தப்பட்ட எண்ணெய் அழிந்துபோவதில்லை, நிலத்தடியிலேயே தங்கியிருக்கும். சேதம் இல்லையெனில் சில நாட்களில் உற்பத்தி மீளும். எனவே பெரும்பாலான வேளைகளில் இது இழப்பு அன்று, தாமதமேயாகும்.

2005 ஓகஸ்ட் 29இல் கரையைக் கடந்த கத்ரீனாவும், செப்டெம்பர் 24இல் கரையைக் கடந்த ரீற்றாவும் இதற்கு விதிவிலக்குகள். கத்ரீனாவின்போது வளைகுடா எண்ணெய் உற்பத்தியில் 95 சதவீதமளவு நின்றது. ரீற்றாவின்போது ஏறக்குறைய முழுவதும் நின்றது. இரண்டிலுமாக நூற்றுக்கும் அதிகமான மேடைகள் அழிந்தன. நானூறுக்கும் அதிகமான குழாய்வழிகள் பழுதுற்றன. மார்ஸ் என்னும் பெருமேடை 2006 மே மாதத்திலேயே மீண்டும் இயங்கத் தொடங்கியது. கடலடித்தளமும் பாதுகாப்பானதன்று. 2004 செப்டெம்பரில் ஐவன் சூறாவளி கிளப்பிய பேரலைகளால் மிசிசிப்பி முகத்துவாரத்தை அடுத்த சேற்றுத்தளம் சரிய, மேடையொன்று கவிழ்ந்தது. அவ்விடத்திலிருந்து பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணெய் கசிந்தது. 2019இலேயே அதனைச் சேகரிக்கும் அமைப்பு பொருத்தப்பட்டது.

எனினும் எல்லாப் பழியையும் காற்றின்மீது சுமத்தலாகாது. 2005 யூலையில் டெனிஸ் சூறாவளி கடந்துசென்ற பின், தண்டர் ஹோர்ஸ் என்னும் புதிய பெருமேடை ஒருபுறம் சாய்ந்து கிடக்கக் காணப்பட்டது. சூறாவளியே காரணமென முதலில் கருதப்பட்டது. மேடையினுள் நீரைக் கட்டுப்படுத்தும் குழாய்களிலும் வால்வுகளிலும் இருந்த குறைகளே காரணமென ஆய்வு பின்னர் காட்டிற்று.

கரையில் நிகழ்வது

மசகெண்ணெயை எவரும் வாகனத்தில் ஊற்றுவதில்லை. அதனைப் பெற்றோலாகவும் டீசலாகவும் மாற்றும் சுத்திகரிப்பு ஆற்றலில் ஏறத்தாழ அரைவாசி இதே வளைகுடாவின் கரையோரத்தில் குவிந்துள்ளது. இங்கிருந்து கிழக்குக் கரைக்கு எரிபொருளைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள், கத்ரீனாவின் பின் பம்பிகளுக்கு மின்சாரம் இன்மையால் செயலிழந்தன. எண்ணெய் இருந்தும் அது நகரவில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களின் நிறுத்தமும் கிணறுகளின் நிறுத்தமும் விலைமீது ஒரே விளைவை ஏற்படுத்துவதில்லை என்பது இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. கிணறு நின்றால் மசகெண்ணெயின் நிரம்பல் குறைகிறது; அதன் விலை ஏறுகிறது. சுத்திகரிப்பு நிலையம் நின்றாலோ மசகெண்ணெயை வாங்குவோர் குறைகின்றனர். அதன் விலை இறங்க, பெற்றோலின் விலை ஏறுகிறது. 2005இல் இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன. மசகெண்ணெய் பீப்பாய் ஒன்று சிறிது நேரம் 70 டொலரைக் கடந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கலன் பெற்றோலின் சராசரி விலை ஒரே வாரத்தில் 2.61 டொலரிலிருந்து 3.07 டொலராகியது. 2017 ஓகஸ்டில் ரெக்சாஸைத் தாக்கிய ஹாவி சூறாவளியின் கதை வேறு. அதன் பெருமழையால் நாட்டின் சுத்திகரிப்பு ஆற்றலில் காற்பங்களவு நின்றபோது, மசகெண்ணெய் விலை சற்று இறங்கியது. பெற்றோலோ ஒரு வாரத்தில் 2.40 டொலரிலிருந்து 2.68 டொலருக்கு ஏறியது. ஆகவே, சூறாவளி வந்தால் எண்ணெய் விலை ஏறும் என்னும் பொதுக்கூற்று பாதி உண்மையே.

சந்தையில் நிகழ்வது

சுத்திகரிப்பு ஏன் இத்துணை பலவீனமாக இருந்தது? 1981இல் ஐக்கிய அமெரிக்காவில் 324 சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. 2005இல் 148 மட்டுமே எஞ்சின. சிறியவை மூடப்பட்டன; எஞ்சியவை பெருத்து, தம் ஆற்றலின் எல்லையை ஒட்டியே இயங்கின. மேலதிக ஆற்றலையும் கையிருப்பையும் பேணுவது நிறுவனத்துக்குச் செலவு. அவை இல்லாமையால் நெருக்கடியில் எழும் செலவோ நுகர்வோருக்குரியது. இலாபத்தை நோக்கும் கணக்கில் முன்னது பதியப்படுகிறது, பின்னது பதியப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய விலைக்கு வாங்கித் தொட்டியில் இருக்கும் பெற்றோலும் புதிய விலைக்கே விற்கப்படுகிறது. ஏனெனில் சந்தையின் விலை, வாங்கிய செலவினால் அன்றி, அதே பொருளை மீண்டும் வாங்க நேரும் எதிர்பார்ப்பினால் அமைகிறது. கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2006இல் வெளியிட்ட அறிக்கை, சட்டவிரோதமான சந்தைக் கையாளுகைக்குச் சான்றில்லை என்றது. அக்கூற்றை நாம் மறுக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு உட்பட்டே இது நிகழ்ந்தது என்பதே சிந்தனைக்குரியது. 2005ஆம் ஆண்டில் எக்சன்மொபில் நிறுவனத்தின் நிகர இலாபம் 36 பில்லியன் டொலர்.

அரசுகள் தலையிட்டபோது நிலைமை ஓரளவு தணிந்தது. சர்வதேச சக்தி முகவரகத்தின் உறுப்பு நாடுகள் 2005 செப்டெம்பரில் 6 கோடி பீப்பாயைச் சந்தைக்கு விட இணங்கின. ஐக்கிய அமெரிக்காவின் உபாய இருப்பில் இருந்தது மசகெண்ணெய். சுத்திகரிப்பு நின்றபோது அதனால் முழுப் பயன் கிட்டாது. பெற்றோலாகவே இருப்பு வைத்திருந்த ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த எரிபொருள் பெரிதும் உதவியது. பொது இருப்பு உண்டா என்பதுடன், எவ்வடிவில், எங்கே உண்டு என்பதும் வினாவாகும்.

சுமப்பவர் யார்?

விலை ஏறும்போது செல்வர் பயணத்தைக் குறைக்க வேண்டியதில்லை. வேலைக்கு வாகனத்தில் சென்றே ஆகவேண்டிய தொழிலாளி உணவைக் குறைக்கிறான். அத்திலாந்திக்கின் ஒரு கரையில் ஏற்பட்ட தட்டுப்பாடு மறுகரையின் கப்பல்களை ஈர்த்ததால், எரிபொருளுக்கு இறக்குமதியையே நம்பியுள்ள இலங்கை போன்ற நாடுகளும் அத்தகைய உலக விலையிலிருந்து ஒதுங்கியிருக்க இயலாது.

லூசியானாவின் கரையோரம் இன்னுமொரு உண்மையை உணர்த்துகிறது. 1932 முதல் 2016 வரை அங்கு சுமார் 4,800 சதுர கிலோமீற்றர் சதுப்புநிலம் கடலுள் மறைந்தது. ஆற்றணைகள் வண்டலைத் தடுத்தமை முதலிய காரணங்களோடு, எண்ணெய்க்கென வெட்டப்பட்ட கால்வாய்கள் உப்புநீரை உள்ளே விட்டமையும் ஒரு காரணமாகும். சூறாவளியின் வேகத்தைத் தணித்துவந்த அச்சதுப்புநிலம் குறைந்துகொண்டிருந்த கரையிலேயே, கத்ரீனாவுக்குச் சரியாகப் பதினாறு ஆண்டுகளின் பின், 2021 ஓகஸ்ட் 29இல் ஐடா சூறாவளி கரைசேர்ந்தது. அப்போதும் வளைகுடா உற்பத்தியில் 95 சதவீதமளவு நின்றது.

சூறாவளியை எவராலும் தடுக்க இயலாது. ஆனால் உற்பத்தியை ஒரே கரையில் குவித்ததும், இருப்பைக் குறைத்ததும், காப்பரணாக நின்ற நிலத்தை வெட்டியதும் மனிதர் செய்த தெரிவுகள். தெரிவுகளால் விளைந்ததை விதியென ஏற்பது அறிவுக்குப் பொருந்தாது. மாற்றக்கூடியவை எவையெனப் பிரித்தறிவதே சமூக ஆய்வின் முதற்கடனாகும்.